வன்னியின் பதிவேடுகளும் வெளிநாட்டுப் பதிவாளர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

பிறப்பு, திருமணம், மணமுறிவு, இறப்பு ஆகியவற்றைப் பதியும் சட்டங்களில் தேர்ந்தவர்கள் நாடு கடந்து கூடிப் பேசுவதும், தமக்குள் சமவாயங்களை, அதாவது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கைகளை, எழுதிக்கொள்வதும், ஒரு நாட்டின் பதிவை மற்றொரு நாடு எவ்வாறு ஏற்பது என்று விதி வகுப்பதும் முக்கால் நூற்றாண்டாக நடந்துவருகின்ற போதிலும், நமது பத்திரிகைகளில் அதைப் பற்றிய செய்தியை நான் கண்டதாக நினைவில்லை. நமக்குத் தொடர்பற்ற துறையாயின் அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். தாய் விசுவமடுவிலும் மூத்த மகன் பாரிஸிலும் மகள் ரொறன்ரோவிலும் இருக்க, இன்னொரு மகனின் பிள்ளைகள் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்திருக்கின்ற குடும்பங்கள் வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு. அக்குடும்பத்தில் ஒரு மரணமோ ஒரு கல்யாணமோ ஒரு காணிப் பிரிவினையோ வந்துவிட்டால், நான்கு நாட்டுப் பதிவுச் சட்டங்கள் ஒரே மேசைக்கு வந்து சேர்கின்றன. பிரதேச செயலகமொன்றின் பதிவுக் கிளையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இது பற்றிச் சிலவற்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இத்துறையின் மூத்த அமைப்பு, குடிசார் நிலைக்கான சர்வதேச ஆணைக்குழு ஆகும். 1948 செப்ரெம்பரில் ஆம்ஸ்ரர்டாமில் பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பேர்க், நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் வல்லுநர்கள் கூடி அதைத் தொடங்கினார்கள். 1950 இல் பேர்ண் நகரில் கைச்சாத்தான ஓர் ஆவணம் அதற்கு அரசுகளுக்கிடையிலான தகுதியைத் தந்தது. செயலகம் பின்னர் ஸ்ராஸ்பேர்க்கில் அமைந்தது. உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இடம்பெயர்ந்தோர், கணவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாத மனைவியர், எந்த நாட்டிலும் பதியப்படாத குழந்தைகள் என்று ஐரோப்பா நிறைந்திருந்தது. அந்தத் தொடக்கத்தைப் பற்றிப் படிக்கும்போது 2009 க்குப் பிந்திய வன்னியே கண்முன் வருகிறது. வேறுபாடு ஒன்றுதான்: அவர்களின் நிலையைத் தீர்க்க அவர்களின் பதிவாளர்களும் சட்டப் பேராசிரியர்களும் நீதி அமைச்சு அதிகாரிகளும் தாமே கூடினார்கள்.

அவர்கள் எழுதிய முப்பதுக்கு மேற்பட்ட சமவாயங்களுள் மிகுந்த பயன் தந்தது பன்மொழிச் சான்றிதழ் பற்றியதாகும். 1956 இல் பாரிஸில் தொடங்கி 1976 இல் வியன்னாவில் திருத்தமான வடிவம் பெற்ற அந்தப் படிவத்தில், கட்டங்களின் தலைப்புகள் பல மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். நாள், மாதம், ஆண்டு ஆகியன எண்களால் நிரப்பப்படும். திருமணம், மணமுறிவு, கணவன் இறப்பு, மனைவி இறப்பு போன்றவை ஒரு சில எழுத்துகளாலான குறிகளால் காட்டப்படும். எனவே மொழிபெயர்ப்பாளரும் தேவையில்லை, தூதரக முத்திரையும் தேவையில்லை. துருக்கியின் உள்ளூர் நகரமொன்றில் பிறந்து ஜேர்மனிக்குத் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற ஒருவர், தமது ஊர்ப் பதிவகத்தில் பெற்ற ஒற்றைத் தாளை அங்கே நேரடியாகக் கொடுத்துத் திருமணப் பதிவை முடித்துக்கொள்ள முடிந்தது இதனால்தான். அதே ஜேர்மன் நகரில், அதே பதிவு அலுவலகத்தில், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற நமது பிள்ளை என்ன கொண்டுவர வேண்டியிருந்தது? பிரதேச செயலகத்தில் அண்மையில் எடுத்த பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கொழும்பில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சி, பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் பரிசோதனை, சில வேளைகளில் அத்தூதரகம் தானே அமர்த்தும் சட்டத்தரணி ஊருக்கு வந்து கிராம அலுவலரையும் அயலவரையும் விசாரிக்கும் விசாரணை. நான் பதவியில் இருந்த காலம் முழுவதும் நமது சான்றிதழ்கள் சென்ற பாதை இதுவே. 1961 ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம் இந்த அத்தாட்சிச் சங்கிலியை ‘அப்போஸ்டில்’ என்னும் ஒரே முத்திரையாகச் சுருக்கியது. இந்தியாவில் அது 2005 இல் நடைமுறைக்கு வந்தது. கனடாவில் அது 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டில் இத்தனை உறவுகளைக் கொண்ட ஒரு சமூகம், இவ்விடயத்தில் தனது அரசாங்கத்தை உரிய காலத்தில் நெருக்கவில்லை என்பது எனது கருத்து.

முத்திரைக்கு அப்பாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை வல்லுநர்களால் மட்டுமே தீர்க்க முடியும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் பிறப்புப் பதிவு ஒரு மனிதருடன் கூடவே வளர்கின்ற பதிவாகும். அவர் திருமணம் செய்தால் அது பிறப்புப் பதிவின் ஓரத்தில் எழுதப்படுகிறது. மணமுறிவு பெற்றாலும் இறந்தாலும் அவ்வாறே. ஆகவே ஒருவர் மணமாகாதவரா என்று அறிய, மூன்று மாதத்துக்குள் எடுத்த பிறப்புச் சான்றிதழைக் கேட்பது அங்கே நியாயமானது. வெளிநாட்டுச் சான்றிதழுக்கு அந்தக் காலம் ஆறு மாதம். பிரித்தானியர் விட்டுச்சென்ற நமது முறையில் பிறப்பு ஒரு புத்தகத்தில், விவாகம் இன்னொன்றில், இறப்பு மூன்றாவதில். ஒன்றை மற்றொன்று அறியாது. ‘பிறந்த திகதி மாறவா போகிறது, பிறகெதற்குத் தம்பி ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி கேட்கிறார்கள்?’ என்று முதியவர்கள் எங்கள் கருமபீடத்தில் சலித்துக்கொண்டதில் முழு நியாயம் இருந்தது. பதிவுகளைப் புதுப்பிக்காத நாடுகளின் சான்றிதழ்களுக்கு அந்தக் கால எல்லை பொருந்தாது என்று பிரெஞ்சுக் குடியியல் சட்டக் கோவையிலேயே பின்னர் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. அந்த வாசகத்தை எடுத்துக்காட்டி, ‘எமது நாடு அத்தகைய நாடே’ என்று ஒரு பக்கக் கடிதத்தை நமது பதிவாளர் நாயகம் திணைக்களம் பாரிஸிலுள்ள நமது தூதரகத்தில் வைத்திருந்தால், எத்தனையோ பேருக்குக் காசும் மாதங்களும் மிச்சமாகும். வல்லுநர்களின் ஒத்துழைப்பு என்று நான் சொல்வதில் பெரும்பகுதி இத்தகைய சிறு வேலைகள்தான்.

அகதிகளாகச் சென்றவர்களின் நிலை மேலும் வேறானது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தின் 25 ஆம் உறுப்புரை, தன் சொந்த நாட்டு அதிகாரிகளிடம் போக முடியாத ஒருவருக்கு வேண்டிய ஆவணங்களைப் புகலிட நாடே வழங்க வேண்டும் என்கிறது. அதன்படி பிரான்ஸில் அகதிகள் பாதுகாப்பு அலுவலகம் அவர்களுக்குப் பிறப்பு, விவாகச் சான்றுகளைத் தானே எழுதிக் கொடுக்கிறது. பின்னர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றால், நாந்த் நகரிலுள்ள மத்திய பதிவகம் அவர்களுக்கென ஒரு பிறப்புப் பதிவை உருவாக்குகிறது. இவ்வாறு புதுக்குடியிருப்பில் பிறந்த ஒருவருக்கு இரண்டு பிறப்புப் பதிவுகள்: ஒன்று இங்கே, ஒன்று நாந்தில். இரண்டும் சட்டப்படி செல்லுபடியானவை. பெரும்பாலும் இரண்டிலும் பெயர் ஒன்றாக இருப்பதில்லை. தந்தையின் காணியில் பங்கு பெற அந்த மகன், தன் சார்பில் இன்னொருவர் செயற்பட அதிகாரமளிக்கும் தத்துவப் பத்திரத்தை அனுப்பும்போது, இவர்தான் அவர் என்று யார் சொல்வது?

பெயரைப் பற்றிச் சற்று விரித்தே எழுத வேண்டும். தந்தையின் பெயரை முன்னால் வைத்துத் தன் பெயரைப் பின்னால் சொல்வது நமது வழக்கம். குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்கில்லை. ஐரோப்பியப் பதிவேட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட முடியாது. ஆகவே தந்தையின் பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராகிறது; அவருடைய தம்பி வேறு நாட்டில் தன் சொந்தப் பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார்; மனைவியின் பெயர் கணவனின் பெயராலும் தகப்பனின் பெயராலும் மாறி மாறி வருகிறது; மூன்றாம் தலைமுறைப் பேத்தி, தான் கண்டேயிராத பூட்டனின் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமக்கிறாள். ஒரே வயிற்றில் பிறந்த இருவர் காகிதத்தில் உறவற்றவர்களாகி நிற்கும் நிலையை ஒரு மரணச் சொத்து வழக்கில்தான் குடும்பம் முதன்முதலாகக் கண்டுகொள்கிறது.

எழுத்துப்பெயர்ப்பை ஒரே தரத்தில் கட்டிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. 1973 இல் பேர்ணில் கைச்சாத்தான சமவாயம் அதைத்தான் முயன்றது: வேறு எழுத்தில் எழுதப்பட்ட பெயரைச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி மட்டுமே மாற்றி எழுத வேண்டும் என்றது. அதன் விளைவை ஜேர்மனியில் வாழ்ந்த கிறிஸ்ரோஸ் கொன்ஸ்டான்டினிடிஸ் என்ற கிரேக்கர் அனுபவித்தார். உடல் பிடித்துவிடும் தொழில் செய்து வாழ்ந்த அவருடைய பெயரை அந்த விதிப்படி ‘ஹ்ரெஸ்ரோஸ்’ என்று வாசிக்கும்படியாக எழுத முற்பட்டார்கள். தம் வாடிக்கையாளர்கள் அறியாத பெயரால் எவ்வாறு தொழில் செய்வது என்ற கேள்வி ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. அந்த எழுத்து அவருடைய பெயரின் ஒலியைத் திரித்து, பிறர் அவரை வேறொருவராகக் கருதும் நிலையை உண்டாக்குமாயின், அதை அவர்மீது சுமத்த முடியாது என்ற வகையில் 1993 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. தமிழுக்கும் அத்தகைய தரம் ஒன்று இருக்கிறது. அதன்படி முருகேசு என்ற பெயரின் இறுதி எழுத்து ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தைக் கொண்டு எழுதப்படும். ஜேர்மன் அலுவலர் அதை ‘முருகேக்கு’ என்றுதான் வாசிப்பார். வல்லுநர்களின் விதி என்பதற்காகவே ஒன்று நமக்குப் பொருந்திவிடாது. கிரேக்கருக்காவது தம் நாட்டுப் பிரதிநிதிகள் அந்தக் கூட்டங்களில் இருந்தார்கள். நமது பெயர்களைப் பற்றி அங்கே பேச ஒருவரும் இருக்கவில்லை.

ஒத்துழைப்பு நம் பக்கம் வரவேயில்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. 2014 நவம்பரில் பாங்கொக்கில் ஆசிய பசுபிக் நாடுகளின் அமைச்சர்கள் கூடி, 2015 முதல் 2024 வரையான காலத்தைக் குடிசார் பதிவுக்கும் பிறப்பு இறப்புப் புள்ளிவிபரங்களுக்குமான தசாப்தமாக அறிவித்தார்கள். 2030 க்குள் பிறப்புப் பதிவு உட்பட எல்லோருக்கும் சட்ட அடையாளம் என்பது ஐக்கிய நாடுகளின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் ஒன்றாக இருக்கிறது. இலங்கையின் மரணக் காரணப் பதிவைத் திருத்துவதற்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் உதவினார்கள். இவற்றையெல்லாம் நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் இந்த முயற்சிகள் அனைத்தும் எத்தனை பேர் பதியப்பட்டார்கள் என்பதையே அளக்கின்றன. அந்த அளவையில் இலங்கை எப்போதும் நல்ல மாணவனாகவே அமர்ந்திருக்கிறது. பிறப்புப் பதிவு 97 வீதம் என்று சர்வதேச அட்டவணைகளில் நெடுங்காலம் இடம்பெற்ற எண், 2006–2007 ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில் இருந்து எடுக்கப்பட்டது. அந்த அளவீடு வடமாகாணத்தில் நடத்தப்படவே இல்லை. வன்னியை விட்டுவிட்டு எடுத்த எண்ணைக் காட்டி, இந்த நாட்டில் பதிவுப் பிரச்சினை பெரிதாக இல்லை என்று முடிவு செய்ததன் பின்னர், நமக்கு வேண்டிய சட்டக் கேள்விகளை யார் கேட்பார்கள்? இங்கே பெரும்பாலானவர்கள் பதியப்பட்டவர்கள்தான். பதிந்ததற்கான தாள் எங்கே, அது எந்த நாட்டில் செல்லும், தாள் இல்லாதவருக்கு என்ன வழி என்பனவே இங்குள்ள கேள்விகள்.

தாள் எங்கே என்ற கேள்விக்கே பல விடைகள் உள்ளன. முல்லைத்தீவு 1978 இலும் கிளிநொச்சி 1984 இலும் தனி மாவட்டங்களாகின. அதற்கு முன்னர் பரந்தனிலோ பூநகரியிலோ பிறந்தவரின் பதிவைத் தேட வேண்டிய மாவட்டம் யாழ்ப்பாணம். 1977 க்குப் பின்னர் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து வன்னிக் காடுகளை வெட்டிக் குடியேறியவர்களின் பிறப்புகள் பதியப்பட்டிருந்தால், அவை நுவரெலியாவிலோ பதுளையிலோ தோட்டத்தின் பெயரால் கிடக்கின்றன. அந்தத் தோட்டத்தின் பெயரே சில இடங்களில் மாறிவிட்டது. பழைய பிறப்புச் சான்றிதழில் பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவளியை நிரூபிக்கச் சொன்னதால் வந்த கட்டம் அது. மலையகக் குடும்பங்களின் சான்றிதழ்களில் அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு மட்டும் இழுக்கப்பட்டிருப்பதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். அதற்குமேல் 2004 டிசம்பரில் கடல் வந்து முல்லைத்தீவு நகரைக் கொண்டுபோனது. பின்னர் 2008 இலும் 2009 இலும் அலுவலகங்கள் இடத்துக்கு இடம் பெயர்ந்தன. மாத்தளன் பக்கம் பதுங்குகுழியில் பிறந்து, மெனிக் பாம் முகாமில் நடமாடும் சேவையின்போது பதியப்பட்ட குழந்தைகள் இன்று உயர்தரம் படிக்கும் வயதினர்.

நம்மைக் காப்பாற்றியது ஒரு பழைய ஏற்பாடு. பதிவேட்டின் மறுபிரதி கொழும்புக்குச் சென்று மத்திய பதிவறையில் சேர்வதால், இங்கே புத்தகம் அழிந்தாலும் அங்கே ஒன்று இருந்தது. பாரிஸ் நகரத்துக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அங்கே மூலமும் பிரதியும் ஒரே நகரின் இரண்டு கட்டடங்களில் இருந்தன. 1871 மே மாதக் கலவரத்தில் இரண்டும் எரிந்தன. ஏறத்தாழ எண்பது இலட்சம் பதிவுகள் சாம்பலாகின. மறு ஆண்டிலேயே சட்டம் இயற்றி, தேவாலய ஞானஸ்நானப் புத்தகம், நொத்தாரிசு உறுதி, குடும்பத்தார் பெட்டியில் வைத்திருந்த பழைய பிரதி என்று கிடைத்தவற்றையெல்லாம் திரட்டி மூன்றிலொரு பங்கை மீள எழுதினார்கள். ஒக்கினாவாவில் 1945 இல் குடும்பப் பதிவேடுகள் அழிந்தபோது ஜப்பானியர்களும் அவற்றைத் திரும்ப ஆக்கினார்கள். அழிந்த பதிவேட்டை மீட்கும் சட்டமும் நடைமுறையும் உலகில் இருக்கின்றன. அவற்றைக் கையாண்ட நிபுணர்களும் இருக்கிறார்கள். நம்மிடம் இருப்பது உத்தேச வயதுச் சான்றிதழ். பிறப்புப் பதிவு கிடைக்காதவருக்குப் பதிவாளர் நாயகம் வழங்கும் இந்தச் சான்று, உள்ளூரில் அடையாள அட்டை எடுக்கப் போதும். வெளிநாட்டு அலுவலரோ அதைக் கண்டதும், தகப்பன் பெயரும் பிறந்த இடமும் எங்கே என்று கேட்டு மடித்துத் திருப்பித் தருகிறார். அச்சான்று எந்தச் சட்டத்தின் கீழ் எழுகிறது, என்ன விசாரணைக்குப் பின் வழங்கப்படுகிறது என்று அவருக்குச் சொல்லும் ஆவணம் ஒன்றும் இல்லை.

இனிச் சொல்லப்போவது மிகவும் பாரமானது. 1950 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபை கூட்டிய மாநாடு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமற்போனவர்களின் இறப்பை அறிவிப்பது பற்றி ஒரு சமவாயத்தை நிறைவேற்றியது. ஓர் உறுப்பு நாட்டின் நீதிமன்றம் ஒருவர் இறந்ததாக அறிவித்தால் மற்ற உறுப்பு நாடுகளும் அதை ஏற்க வேண்டும் என்பதும், ஒரே ஆளைப் பற்றி இரண்டு நாடுகளில் இரண்டு தீர்ப்பு வராதபடி ஒரு சர்வதேசப் பணியகம் அறிவிப்புகளைத் திரட்ட வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடுகள். சில நாடுகளே சேர்ந்தன. நமது பிராந்தியத்தில் பாகிஸ்தான் சேர்ந்தது. குறிப்பிட்ட காலத்துக்கென எழுதப்பட்ட அச்சமவாயம், இருமுறை நீடிக்கப்பட்டு, 1972 ஜனவரியில் காலாவதியானது. அதன் பின்னர் நடந்த போர்களில் காணாமற்போனவர்களுக்கு உலக அளவில் அதைப் போன்ற ஓர் ஏற்பாடு எழுதப்படவில்லை. 1966 இல் ஏதென்ஸில் கைச்சாத்தான ஐரோப்பியச் சமவாயம் ஒன்று, உடல் கிடைக்காவிட்டாலும் மரணம் நிச்சயமென்று சூழ்நிலை காட்டுமானால் இறப்பை அறிவிக்க அதிகாரிகளுக்கு இடமளிக்கிறது. கடலில் மூழ்கிய கப்பலுக்கும் விழுந்த விமானத்துக்கும் அது போதும். கையளிக்கப்பட்டு, பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்ணால் கண்டு, அதன்பின் காணாத ஒருவருக்கு அது போதாது. அவருடைய மனைவி மரணம் நிச்சயம் என்று கையொப்பமிட மாட்டார், அவரை வற்புறுத்தவும் கூடாது.

நமது நாட்டுச் சட்டம் நெடுங்காலம் வற்புறுத்தவே செய்தது. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க, தற்காலிக ஏற்பாடுகளைக் கொண்ட இறப்புப் பதிவுச் சட்டம், ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவரை இறந்தவராகப் பதிய வழி செய்தது. கொடுப்பனவு வேண்டுமானால் மரணச் சான்றிதழ், மரணச் சான்றிதழ் எடுத்தால் தேடல் முடிந்தது என்ற இந்த இரண்டக நிலைக்கு எதிராக வன்னித் தாய்மார் தெருவில் நின்றது எல்லோரும் அறிந்ததே. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தது; இறந்தார் என்று எழுதாமலே, காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் அரச உதவிகளைப் பெறவும் அது வழிவிடுகிறது. அதே ஆண்டு இலங்கை, வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சர்வதேசச் சமவாயத்தையும் ஏற்றது. காணாமலாக்கப்பட்டவரினதும் அவருடைய உறவினரினதும் சட்ட நிலையைக் குடும்பச் சட்டம், சொத்துரிமை, சமூக நலன் ஆகியவற்றில் ஒழுங்குபடுத்துவது அரசின் கடமை என்று அதன் 24 ஆம் உறுப்புரை கூறுகிறது.

இந்தச் சான்றிதழுடன் ஒரு வட்டக்கச்சிப் பெண் தனது சீதனக் காணியை மகளுக்கு எழுத முயல்வதாக வைத்துக்கொள்வோம். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையின் கீழ் வரும் மனைவி, தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தையும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது; 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அப்படி. கணவன் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம் சம்மதத்தைத் தானே வழங்கலாம். அதற்கு வழக்கு, சட்டத்தரணி, தவணை. மகள் சுவிற்சர்லாந்தில் இருந்தால், தாயின் குடும்ப நிலை என்னவென்று அங்குள்ள அலுவலகமும் கேட்கும். மணமானவரா? ஆம். கணவன் உயிருடன் இருக்கிறாரா? அந்தக் கட்டத்தில் எதை எழுதுவது? ஐரோப்பியப் படிவத்தில் கணவன் இறந்தால் ஒரு குறி உண்டு, மணமுறிவுக்கு ஒரு குறி உண்டு. இந்தப் பெண்ணின் நிலைக்கு ஒரு குறியும் இல்லை. ஆர்ஜன்ரீனா 1994 இலேயே தனிச் சட்டம் இயற்றி, வலிந்து காணாமலாக்கப்பட்டதால் ஏற்படும் இன்மையை இறப்பிலிருந்து வேறான ஒரு சட்ட நிலையாக வகுத்து, சொத்துக்கும் திருமணத்துக்கும் உரிய விளைவுகளை அதிலேயே எழுதிவிட்டது. பெருவும் கொலம்பியாவும் பின்னர் அதே வழியில் சென்றன. பொஸ்னியா 2004 இல் தனது காணாமற்போனோர் சட்டத்தை இயற்றியது. இந்நாடுகளின் பதிவுச் சட்ட வல்லுநர்களுடன் நமது திணைக்களமும் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் ஒரே மேசையில் இருந்து, இத்தகைய சான்றிதழை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்கான ஒரு வாசகத்தையாவது வரைய வேண்டும். அது இந்தக் கடிதத்தின் முதற் கோரிக்கை.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்தவர்களின் விடயத்தை வேறு வாசகர்கள் எழுதியிருப்பதால் நான் சுருக்கமாகவே தொடுகிறேன். அவர்களின் பிறப்பை இந்தியப் பதிவாளர் பதிந்தாலும், சென்னையிலுள்ள நமது துணைத் தூதரகத்தில் அது மீளப் பதியப்பட்டால்தான் இலங்கைக் குடியுரிமை கைக்கு வரும். சட்டம் குறிப்பிடும் காலம் ஓராண்டு, அதற்கு மேல் அமைச்சரின் அனுமதி வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் பொதுவான மொழி பேசும் அலுவலர்கள் மன்னாரிலும் இராமநாதபுரத்திலும் இருக்கிறார்கள். முகாம்களில் பிறந்தவர்களின் பட்டியலை இரு பதிவாளர்களும் நேரடியாக ஒப்பிடுவதற்குத் தடையாக இருப்பது கடல் அல்ல, அதிகாரமளிக்கும் ஓர் உடன்படிக்கை இல்லாததே.

பதிவாளருக்குப் பதிவாளர் நேரடியாக எழுதும் முறையை ஐரோப்பியர்கள் 1958 இல் இஸ்தான்புலில் கைச்சாத்தான சமவாயத்தால் தொடங்கினார்கள்; ஓர் ஊரில் திருமணமோ மரணமோ நடந்தால், பிறந்த ஊர்ப் பதிவாளருக்கு அறிவித்தல் தானாகவே போகும். இதை அப்படியே நமக்கும் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. புகலிடம் கேட்டு நிற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் அவர் அறியாமல் கொழும்புக்கு அனுப்பப்படுவது எத்தகைய ஆபத்து என்பதை வன்னியில் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் உறவினருக்குச் சிக்கல் வருமென்ற அச்சத்தாலேயே பிறந்த இடத்தை மாற்றி எழுதியவர்களும் உண்டு. எனவே ஆளின் எழுத்து மூலச் சம்மதத்துடன், சான்றிதழின் இலக்கமும் திகதியும் சரியா என்ற ஒரே கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் தரும் முறை போதும். அதற்குமேல் ஒரு தகவலும் பரிமாறப்படக் கூடாது. 2022 ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அமைய இதற்கு ஒரு நடைமுறையை எழுத முடியும்.

ஸ்ராஸ்பேர்க் ஆணைக்குழுவில் இலங்கை உறுப்பினராக வேண்டுமென்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஜேர்மனி, பிரான்ஸ் உட்படப் பல நாடுகள் அதைவிட்டு விலகிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் தனது உறுப்பு நாடுகளுக்கென 2019 முதல் தனிப் பன்மொழிப் படிவங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் அந்த ஆணைக்குழுவில் இருக்கவே இல்லை. நமது மக்கள் வாழும் ஏழெட்டு நாடுகளுடன் தனித்தனியாகப் பேசுவதே பயன் தரும். அந்த ஆணைக்குழு எழுதிவைத்த படிவங்களும் விளக்கங்களும் பேச்சுக்கு அடிப்படையாக உதவும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறையும் வவுனியாப் பல்கலைக்கழகமும் முன்வந்தால், பேச்சு தொடங்கும்வரை காத்திருக்காமலே ஒரு வேலையைச் செய்யலாம். தமிழர் பெயர் எழுதும் முறை, பதியப்படாவிட்டாலும் சட்டம் ஏற்கின்ற கோயிற் கல்யாணம், உத்தேச வயதுச் சான்றிதழ், காணாமற்போனமைக்கான சான்றிதழ், மாவட்டப் பிரிவினையால் பதிவுகள் இடம்மாறிய விதம், 2009 இன் முகாம் பதிவுகள் ஆகியவற்றை, வெளிநாட்டுப் பதிவாளர் ஒருவர் தம் மேசையில் வைத்துப் பார்க்கத்தக்க சிறு கைந்நூலாக ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் எழுதி, பதிவாளர் நாயகத்தின் ஒப்புதலுடன் தூதரகங்களுக்கு அனுப்பலாம். புலம்பெயர்ந்த நாடுகளில் சட்டம் படித்த நமது பிள்ளைகள் மொழிபெயர்ப்பைப் பார்த்துக்கொள்வார்கள். எந்தப் புத்தகம் எந்த ஆண்டு எந்தக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டது, முகாமில் யார் எந்த முத்திரையைப் பயன்படுத்தினார் என்பன போன்ற விபரங்களோ கோப்புகளில் முழுமையாக இல்லை. அவை வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் ஓய்வுபெற்றிருக்கும் பதிவாளர்களின் நினைவிலேயே இருக்கின்றன. அவர்களுள் பலர் எழுபதைக் கடந்தவர்கள் என்பதால், கைந்நூலின் அந்த அத்தியாயத்தை முதலில் எழுதத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பதிவுக் கிளை உத்தியோகத்தர்,
கிளிநொச்சி.